சிகிச்சை முடிந்த மறுநாள் தம்பி எங்கே படுப்பார்?

கேள்வி: என் தம்பிக்கு 39 வயது. வெல்டர். துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் அவன் கைவேலைக்கு நல்ல பெயர் இருந்தது. குடியால் வேலை போனது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து வருடத்தில் மூன்று முறை போதை மறுவாழ்வு மையங்களில் சேர்த்தோம். முதல் முறை வெளியே வந்ததும் எங்கள் வீட்டில் தங்கினான். ஐந்தாம் நாள் என் கணவரோடு சண்டை. இரண்டாம் முறை பழைய நண்பர்களின் பட்டறைக் கொட்டகையில் படுத்துக்கொண்டான். மூன்றாம் முறை நான்கு பேர் வந்து வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே அடித்தார்கள் என்கிறான். அப்போது அவனை அழைத்து வர நாங்கள் யாரும் போகவில்லை, தானே பஸ் ஏறி வந்தான். வெளியே வந்து ஒருமுறைகூடக் குடிக்காமல் ஒரு மாதம் தாண்டவில்லை. இப்போது ஏழு மாதமாகச் சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் படுத்துக் கிடக்கிறான். அவன் வாசற்படி மிதிக்கக் கூடாது என்கிறார் என் கணவர். எங்களோடு இருக்கும் அம்மா ரகசியமாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். குடியை மறக்க வைக்கும் என்று யாரோ தந்த பொடியைக் குழம்பில் கலந்து கொடுக்கிறாள். மறுபடியும் ஆறு மாதம் அடைத்து வைக்க ஒரு மையத்தில் மாதம் 12,000 ரூபாய் கேட்கிறார்கள். வெளிநாடுகளில் இப்படிப்பட்டவர்களுக்கு வீடு கொடுத்துத் தேற்றுகிறார்கள் என்று படித்தேன். குடிப்பவனுக்கு அறை எடுத்துக் கொடுத்தால் உள்ளேயே உட்கார்ந்து குடிக்க மாட்டானா? நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பொடி. இதைப் படித்த கையோடு அம்மாவிடம் சொல்லி நிறுத்துங்கள். இப்படி விற்கும் பொடிகளில் டைசல்ஃபிரம் மாத்திரையை இடித்துக் கலந்திருக்கக்கூடும். அது நல்ல மருந்துதான். மருத்துவர் ஈரலையும் இதயத்தையும் பார்த்து, சாப்பிடுகிறவருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடு தர வேண்டிய மருந்து. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரேலென்று இறங்கும். பேருந்து நிலையத் தூணோரம் விழுந்து கிடப்பவருக்கு அது நேர்ந்தால், போகிறவர்கள் எல்லோரும் "போதையில் கிடக்கிறான்" என்று ஒதுங்கித்தான் போவார்கள். அம்மா சோறு கொண்டுபோகட்டும். அதில் சோறும் குழம்பும் மட்டும் இருக்கட்டும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மூன்று முறை சிகிச்சை தோற்றது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உறுத்தியது வேறு. மூன்று முறையும் வெளியே வந்த அன்று அவர் எங்கே படுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அக்கா கணவர் முறைக்கும் கூடம், குடிக்கும் நண்பர்களின் கொட்டகை, பேருந்து நிலையம். மருந்தும் ஆலோசனையும் அவருக்குச் சரியாகவே கிடைத்திருந்தாலும் இந்த மூன்று இடத்தில் எந்த இடத்தில் அது நின்றிருக்கும்?

குடிநோயாளிகளோடு இருபத்திரண்டு ஆண்டுகளாக மனநலச் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். மையத்தில் ஒருவர் நன்றாக இருப்பதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. அங்கே கதவு பூட்டியிருக்கிறது, வேளைக்குச் சோறு வருகிறது, சாயந்திரம் ஆறு மணிக்கு என்ன செய்வது என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். வெளியே வந்த பிறகுதான் ஆறு மணி என்பது ஆறு மணியாக வருகிறது. குடியை விட்ட பிறகு பல வாரங்களுக்கு, சிலருக்குப் பல மாதங்களுக்கு, இரவில் தூக்கம் சரியாக வராது. பகலில் காரணமில்லாத எரிச்சல். பசித்தாலும் கோபம் வந்தாலும் களைத்தாலும் தனியாக உட்கார்ந்தாலும் மூளை ஒரே பதிலைத்தான் நீட்டும். அந்த நேரத்தில் பூட்டிக்கொள்ள ஒரு கதவும் படுக்க ஒரு பாயும் இல்லாதவர், டாஸ்மாக் கடை பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும் ஊரில், எதை வைத்துத் தாக்குப்பிடிப்பார்?

எய்ம்ஸ் மருத்துவர்கள் மத்திய அரசுக்காக நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது, 180 பேரில் ஒருவர்தான் உள்நோயாளியாகச் சேர்கிறார் என்றது அது. அந்தக் கணக்கில் உங்கள் தம்பிக்கு மூன்று முறை வாய்ப்புக் கிடைத்ததே பெரிய விஷயம். நீங்கள் கையில் இருந்ததை எல்லாம் போட்டு அதைச் செய்திருக்கிறீர்கள். நான்காவது தடவையும் அதையே, இன்னும் நீளமாகச் செய்யுங்கள் என்று சொல்கிறவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஏழாவது மாதம் முதல் தேதி அவர் எங்கே படுப்பார்? என் அனுபவத்தில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இருமல்தான் பதிலாக வரும்.

அந்த வேன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கு முறை இருக்கிறது. அவரால் முடிவெடுக்க முடியாத நிலையா, அவருக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டா என்று மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதலில் 30 நாள்தான். "ஆறு மாதம் அடைத்து வைக்கிறோம், யாரும் பார்க்க வர வேண்டாம்" என்று முன்பணம் வாங்குவது இந்த வழியில் சேராது. சங்கிலி போடுவதை அந்தச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் கருகிய மாநிலம் நம்முடையது. அதற்குப் பிறகும் அடித்துத் திருத்தலாம் என்ற நம்பிக்கை நம்மிடம் போகவில்லை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, எந்த மனநல மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வீட்டார் எப்போது பார்க்கலாம் என்று கேளுங்கள். கேட்டதும் குரலை உயர்த்துகிற இடத்தில் தம்பியைச் சேர்க்காதீர்கள்.

நீங்கள் படித்த வெளிநாட்டு விஷயம் உண்மைதான், ஆனால் அதில் இரண்டு வேறு வேறு வழிகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கியது. தெருவில் இருப்பவரிடம் "குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, பிறகு வீடு தருகிறேன்" என்று சொல்வதுதான் அதுவரை வழக்கம். அவர் வரிசையை மாற்றினார். முதலில் வீட்டுச் சாவி; பிறகு, வாரத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆட்கள். குடித்தார் என்பதற்காக வீடு பறிபோகாது. இதைக் கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தது. முதலில் வீடு கிடைத்தவர்கள், வழக்கமான உதவி கிடைத்தவர்களைக் காட்டிலும் வெகு அதிகமாக வீட்டிலேயே நிலைத்தார்கள். ஆனால் குடி, போதை விஷயத்தில் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீடு கிடைத்தால் குடி தானாக நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் இந்தப் பாதியை அவர் விட்டுவிட்டுச் சொல்கிறார். அதே சமயம், வீடு கொடுத்ததால் குடி கூடிவிடும் என்ற உங்கள் பயத்துக்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இன்னொரு வழி அதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1975இல் தொடங்கிய 'ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்' என்ற வீடுகள். குடியை விட்டவர்கள் சிலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, தாங்களே நடத்துகிறார்கள். வார்டன் கிடையாது, மருத்துவர் கிடையாது. வாடகையைப் பங்கு போடுகிறார்கள், தங்களுக்குள் தலைவர், பொருளாளர் தேர்ந்தெடுக்கிறார்கள். மறுபடி குடித்தவர் வெளியேற வேண்டும் என்பது விதி. இல்லினாய் மாநிலத்தில், சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப் பேரை இந்த வீடுகளுக்கும் மீதிப் பேரை வழக்கமான பின்கவனிப்புக்கும் அனுப்பி இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். வீட்டுக்குப் போனவர்களில் 31 விழுக்காட்டினரும் மற்றவர்களில் 65 விழுக்காட்டினரும் மறுபடி குடியிலோ போதையிலோ இருந்தார்கள்.

எது சரி என்று கேட்டால், தெருவில் இருக்கும் ஆளுக்கு முதல் வழி, ஏற்கெனவே குடியை நிறுத்திக் காலூன்றப் பார்க்கும் ஆளுக்கு இரண்டாவது வழி என்பேன். உங்கள் தம்பி இன்று முதல் இடத்தில் இருக்கிறார். அடுத்த மூன்று மாதத்தில் இரண்டாவது இடத்துக்கு வரலாம். வந்துவிட்டு மறுபடி முதல் இடத்துக்கும் போகலாம். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நம் ஊரில் என்ன இருக்கிறது? சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனை, குடிப்பவருக்குச் சிகிச்சை தரும்போதே வீட்டாருக்கும் தனியாக வகுப்பும் ஆலோசனையும் நடத்துகிறது. 'தி பேனியன்' அமைப்பு, ஆண்டுக் கணக்கில் காப்பகத்தில் இருந்த மனநோய் கண்ட பெண்களை, 2015 முதல், நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைத்தது. அவர்கள் சமைக்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார். குடிநோய்க்கென்று அப்படிப்பட்ட வீடுகள் நம்மிடம் மிகக் குறைவு. இடைநிலை இல்லங்களையும் துணையோடு வாழும் வீடுகளையும் அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்று மேலே சொன்ன சட்டமே கூறுகிறது. ஏட்டில் இருக்கிறது. திருச்சி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதிவு பெற்ற இல்லம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் செய்வதைப் போல, அந்த வீட்டைத் துண்டு துண்டாக நாமே சேர்த்துக் கட்ட வேண்டியதுதான்.

ஒருமுறை அப்படிக் கட்டினோம். சிறு நகரம் ஒன்றில் சிகிச்சை முடித்த நான்கு ஆண்கள், ஓட்டு வீடு ஒன்றைச் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். நான் செய்ததெல்லாம் முன்பணத்துக்கு ஆள் பிடித்ததும், செவ்வாய்க்கிழமைதோறும் போய் உட்கார்ந்ததும்தான். அவர்களில் மூத்தவர் கோயில் மண்டபத்திலும் ரயில் நிலையத்திலுமாகப் பதினோரு ஆண்டு படுத்தவர். முதல் ஒன்பது இரவும் அவர் உள்ளே வரவில்லை. திண்ணையில், செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தார். தெருவில் படுத்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, கழற்றி வைத்தால் காலையில் செருப்பு இருக்காது. பத்தாம் நாள் மழை. உள்ளே வந்தார். கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். வீட்டுச் சாவிகளில் ஒன்றை அவருக்குத் தந்தோம். சட்டைப்பையில் வைத்தால் தொலைந்துவிடும் என்று அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். குளிக்கும்போதும் அது இடுப்பில்தான்.

அந்த வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. விதிகளை நான் எழுதித் தரவில்லை, அவர்கள் பேசிப் பேசி எழுதியவை. குடித்தவன் அன்று அடுப்பைத் தொடக் கூடாது. குடித்தவனை அன்று யாரும் திட்டக் கூடாது, மறுநாள் காலை மற்ற மூன்று பேரும் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாரும் யாருக்கும் பணம் கடன் தரக் கூடாது. வீட்டுக்குள் பாட்டில் வந்தால், கொண்டுவந்தவன் ஒரு வாரம் வேறு இடத்தில் தங்கிவிட்டு வர வேண்டும். அந்த இடத்தை மற்ற மூன்று பேர் பார்த்துத் தர வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பட்டம் வாங்கிய எங்களுக்குத் தோன்றாத யோசனை அது. பதினான்கு மாதம் அந்த வீடு ஓடியது. பிறகு வீட்டுச் சொந்தக்காரருக்கு யாரோ "குடிகாரர்களுக்கா விட்டிருக்கிறீர்கள்" என்று சொல்ல, ஒரு மாத அவகாசத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார். முதலிலேயே அவரிடம் உண்மையைச் சொல்லாதது என் தவறு. நான்கு பேரில் இருவர் இன்றும் குடிக்காமல் இருக்கிறார்கள். ஒருவர் எங்கே என்று தெரியவில்லை. மூத்தவர் ஈரல் கெட்டு இறந்தார். அப்போது அவர் அரசு மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார், நாங்கள் மூன்று பேர் பக்கத்தில் இருந்தோம்.

இனி உங்கள் தம்பிக்கு.

பேருந்து நிலையத்திலிருந்து நேராக அறைக்குக் கூட்டிப் போகாதீர்கள். நாள் முழுதும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, சுவரில் இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கவும் கூடும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே முதலில் அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். அவர் பல மாதமாகச் சரியாகச் சாப்பிடாதவர் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தையமின் என்ற பி1 வைட்டமின் ஊசி அவருக்கு மிக முக்கியம், அது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கேடு. இந்தச் சிகிச்சை பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் முடியும். அந்த ஒன்றிரண்டு வாரம்தான் உங்களுக்கு அறை தேடக் கிடைக்கும் அவகாசம். டிஸ்சார்ஜ் அன்று சாவி தயாராக இருக்க வேண்டும். அதற்குள் அறை கிடைக்காவிட்டால் நடுவில் சில நாளுக்கு மாநகராட்சியின் வீடற்றோர் தங்குமிடத்தைக் கேளுங்கள். ஒரு லட்சம் மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும்படி நகரங்களில் அவை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே சொல்லியிருக்கிறது.

அறையை அவருக்கு வேலை கிடைக்கக்கூடிய பக்கமே பாருங்கள். பார்த்துவிட்டு, அங்கிருந்து பட்டறை வரை ஒருமுறை நடந்து போய் வழியில் எத்தனை மதுக்கடை என்று எண்ணுங்கள். வாடகை ஐந்நூறு ரூபாய் கூடினாலும் கடை இல்லாத வழி உள்ள அறையே மலிவு. வீட்டுக்காரரிடம் மறைக்காதீர்கள். "என் தம்பி குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவர், ஏதாவது என்றால் எனக்குப் போன் செய்யுங்கள், வாடகைக்கு நான் பொறுப்பு" என்று சொன்னால் பத்து பேரில் எட்டு பேர் கதவைச் சாத்துவார்கள். மீதி இரண்டு பேர்தான் நமக்கு வேண்டியவர்கள். வாடகையை நீங்களே நேரில் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பக்கத்து மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துவிடுங்கள். மையத்துக்கு நீங்கள் தரவிருந்த 12,000 ரூபாயைப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வெறும் அறை மட்டும் கொடுத்தால் நீங்கள் பயப்படுவதுதான் நடக்கும். உள்ளேயே உட்கார்ந்து குடிப்பார். அறையோடு ஆட்கள் வேண்டும். வாரத்தில் ஒருநாள், நாள் தவறாமல், குறித்த நேரத்தில் ஒருவர் வந்து கதவைத் தட்ட வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டியதில்லை. குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழ்நாட்டின் பெரும்பாலான நகரங்களில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். அங்கே பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவர் உங்கள் தம்பிக்கு வழிகாட்டியாக அமைந்தால், என்னைப் போன்ற பத்து பேர் செய்ய முடியாததை அவர் செய்வார். குடிக்கத் துடிக்கும் சாயந்திரம் எப்படி இருக்கும் என்று அவருக்கு உடம்பால் தெரியும். அந்தக் கூட்டத்திலேயே, தனியாக இருக்கும் இன்னொருவர் அறையைப் பங்கிட வந்தால் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. கை நடுக்கம் நின்றதும் பட்டறைக்குப் போகத் துடிப்பார். முதலாளியும் நல்ல வெல்டர் கிடைத்தான் என்று உயரத்தில் ஏற்றிவிடுவார். முதல் சில வாரங்களில் வலிப்பு வரும் வாய்ப்பு இருந்தால் சாரத்தில் ஏறக் கூடாது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தரையில் செய்யும் வேலை, அரை நாள், ஓவர்டைம் கிடையாது என்று ஆரம்பியுங்கள். சனிக்கிழமைக் கூலிதான் பெரிய கண்ணி. கையில் ரொக்கம், உடன் நண்பர்கள், மறுநாள் விடுமுறை. கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி அவரே முதலாளியிடம் கேட்டால் நல்லது. அவருக்குப் பதில் நீங்கள் போய்க் கேட்டால் பட்டறையில் அவர் தலைநிமிர முடியாது. ஆதார் அட்டை தொலைந்திருக்கும், தெருவில் அதுதான் முதலில் போகும். மருத்துவமனையில் இருக்கும்போதே அதற்கு அலைந்துவிடுங்கள்.

குடித்துவிட்டால்? குடிப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இடையில் தடுமாறுவதைப் போலத்தான் இதிலும் தடுமாற்றம் வரும். என்ன செய்வது என்பதை அவர் தெளிவாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து முடிவு செய்து, தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அன்று இரவு அறை அவருடையதுதான், யாரும் தெருவில் தள்ள மாட்டார்கள். மறுநாள் காலை மருத்துவமனை. பணமாக யாரும் எதுவும் தர மாட்டார்கள். குடித்திருக்கும்போது நீங்களோ அம்மாவோ தனியாக அறைக்குப் போக மாட்டீர்கள். இந்தக் கடைசி வரியை எழுத உங்கள் கை தயங்கும். எழுதுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை. தன் வீட்டில் எதை அனுமதிப்பது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, இத்தனை ஆண்டு மாமியாரை வைத்துப் பார்த்துக்கொள்பவரைக் கல்நெஞ்சர் என்று நான் நினைக்க மாட்டேன். தம்பிக்குத் தனி அறை என்று வந்துவிட்டால் அவரோடு நீங்கள் வாதாட வேண்டிய விஷயம் பாதியாகிவிடும். பணத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். ஒரு ரகசியம் ஏற்கெனவே அந்த வீட்டில் குழம்புச் சட்டி வரை போயிருக்கிறது.

அம்மாவைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். வெளிப்படையாகப் போகட்டும். ஆனால் முந்தானையில் முடிந்து கொண்டுபோகும் ஐம்பது ரூபாய் நிற்க வேண்டும். மகளைக் காட்டி ஆசை காட்டுவதும் கூடாது. "குடியை விட்டால் குழந்தையைப் பார்க்கலாம்" என்று நாம் வாக்குக் கொடுக்க, தஞ்சாவூரில் அவர்கள் மறுத்துவிட்டால், அந்த இரவுக்கு நம்மிடம் மருந்து இல்லை. தம்பி மனைவி திரும்பி வருவதும் வராததும் அந்தப் பெண்ணின் முடிவு.

எப்போது போய்ப் பேசுவது? சாயந்திரம் வேண்டவே வேண்டாம். காலை ஏழு மணி வாக்கில், உங்களோடு அவர் மதிக்கும் ஒரு ஆண் துணையை அழைத்துக்கொண்டு போங்கள். பழைய பட்டறை முதலாளி கிடைத்தால் உத்தமம். டீ வாங்கிக் கொடுங்கள். அறிவுரை வேண்டாம், அழவும் வேண்டாம். "என்னடா வேண்டும் உனக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். தெருவில் இருப்பவர்களிடம் இதைக் கேட்டால் முதல் பதிலாகக் குடியை விட வேண்டும் என்று வருவது அபூர்வம். நிம்மதியாகத் தூங்க வேண்டும், குளிக்க வேண்டும், யாரும் உதைத்து எழுப்பக் கூடாது என்று வரும். அதைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வழி சொல்லுங்கள்: பத்து நாள் உடம்பைத் தேற்றிக்கொள், வெளியே வரும்போது உனக்கென்று ஒரு அறை இருக்கும், அடைத்து வைக்க மாட்டோம், வேன் வராது. முதல் நாள் மறுப்பார். மூன்றாவது, நான்காவது காலையிலும் போங்கள். இடையில் உங்களுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 இரண்டும் கட்டணமில்லா எண்கள்; அழைப்பது அக்காவாக இருந்தாலும் பேசுவார்கள்.

அறை அமைந்ததும் வீட்டுக்காரர் போட்டிருக்கும் பழைய பூட்டை எடுத்துவிடுங்கள். திண்டுக்கல் பூட்டு ஒன்று, இரண்டு சாவியோடு. கடைக்குத் தம்பியையே அழைத்துப் போங்கள். இரும்பு வேலை தெரிந்தவர், நான்கைந்தைக் கையில் எடுத்து எடை பார்த்து, நெம்பிப் பார்த்துத்தான் வாங்குவார். நேரமாகிறது என்று அவசரப்படுத்தாதீர்கள். ஒரு சாவி அவருக்கு. இன்னொன்றை யாரிடம் கொடுத்து வைப்பது என்று அவரே சொல்லட்டும்.